மஞ்சள் விளக்கு எரிந்த சனிக்கிழமை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சாப்பாடு வைத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. நாங்கள் மூன்று பேரும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மேஜை முழுக்க கம்ப்யூட்டர் கிடந்தது.

கிடந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பக்கவாட்டுக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, அதன் வயிற்றைத் திறந்து போட்டிருந்தாள் என் மகள் ஜெனி. முன்னால் இருக்கும் பொத்தானை அமுக்கினால் காற்றாடிகள் சுற்றின. சிவப்பு, பச்சை, நீலம் என்று விளக்குகள் மாறி மாறி எரிந்தன. கிறிஸ்துமஸுக்கு நான் வாசலில் போடும் சீரியல் பல்பு ஒரு வருஷம்கூட இத்தனை ஒழுங்காக எரிந்ததில்லை. ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை. ஒரு எழுத்துகூட இல்லை.

உள்ளே ஒரு ஓரத்தில் கடுகளவு மஞ்சள் விளக்கு ஒன்று மட்டும் அணையாமல் நின்றது.

"அதுதாம்மா பிரச்சினை. மெமரி சரியில்லைன்னு சொல்லுது," என்றாள் ஜெனி.

"அதுவே சொல்லுதுன்னா சரி பண்ண வேண்டியதுதானே?"

"எதுல பிரச்சினைன்னு மட்டும்தான் சொல்லும். ஏன்னு சொல்லாது."

ஏன் என்பதற்கான பதில் மூன்றடி தூரத்தில் தோசைக் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தது. அது அப்போது எனக்கே தெரியாது.

ஒன்பது மணி நிபந்தனை

போன மழைக்காலத்தில் நடந்தது இது. "ரோஸியம்மா, எப்பப் பாத்தாலும் ஓட்டல்ல வேலை பாத்த கதையே எழுதுறீங்களே, இப்ப வீட்டுல நடக்குறதை எழுதக் கூடாதா?" என்று எங்கள் மலையூர் அட்டுவம்பட்டியில், வாராவாரம் என் பத்தியைப் படிக்கிற நாலு பேர் கேட்டுவிட்டார்கள். எழுதலாம்தான். எழுதினால் என் மானம் கப்பலேறும் என்பதால் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். இந்த வாரம் ஏற்றிவிடுகிறேன்.

ஜெனி மூன்று வருடமாகக் கோயம்புத்தூரில் வேலை பார்த்தாள். கட்டப் போகும் வீட்டை, கட்டுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் முழுசாக வரைந்து காட்டும் வேலை. ஜன்னல் வழியாக வெயில் எந்த மணிக்கு எங்கே விழும் என்பதுவரை அதில் தெரியுமாம். இருந்தது லேடீஸ் ஹாஸ்டலில். அங்கே நாலு பேர் அறையில் இவளுக்குக் கிடைத்த கட்டிலில் ஜன்னலே கிடையாது.

அவளுடைய ஆபீஸில் ஒரே ஒருவருக்கு மட்டும் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி கொடுப்பதாகச் சொன்னார்கள். ஜெனி கையைத் தூக்கிவிட்டாள். மேனேஜர் ஒரு நிபந்தனை போட்டார். அந்த வரைபடங்களைத் தாங்குகிற அளவுக்குச் சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் இருக்க வேண்டும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு அதன் முன்னால் வந்து உட்கார வேண்டும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூருக்கு வந்துவிட வேண்டும், அந்த அனுமதி அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

நான் அவளை வா என்று ஒருநாளும் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்து வீட்டில் வைத்துக்கொள்ளும் தாய் என்று பெயர் வாங்க எனக்கு இஷ்டமில்லை. அவளாகவே போனில், "அம்மா, நான் வீட்டுக்கு வந்துரவா?" என்று கேட்டாள். "உன் சோலிக்கு எது வசதியோ அதைச் செய்யி," என்று ரொம்பக் கறாராகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். வைத்த கையோடு, ஏற்கெனவே கழுவியிருந்த பாத்திரத்தையெல்லாம் எடுத்துப் போட்டு இன்னொரு தடவை தேய்த்தேன். அத்தனை சந்தோஷம்.

மடியில் வந்த பெட்டி

கடையில் முழுசாகக் கட்டி வைத்ததை வாங்குவதைவிட, பாகம் பாகமாக வாங்கி வீட்டில் சேர்த்துப் பூட்டிக்கொண்டால் நல்லதாகவும் கிடைக்கும், செலவும் குறையும் என்றாள் ஜெனி. ஹாஸ்டல் தோழி ஒருத்தியோடு சேர்ந்து ஏற்கெனவே ஒன்று பூட்டியிருக்கிறாளாம். பட்டியல் எழுதி மதுரையில் ஒரு கடைக்கு அனுப்பினாள். எடுத்துவரக் கிளம்பியவர் என் வீட்டுக்காரர் அந்தோணி.

அவர் முப்பது வருடம் டாக்ஸி ஓட்டியவர். மலைப்பாதையில் எந்த வளைவில் எந்த மாதம் மண் சரியும் என்று சொல்லுவார். சர்க்கரை வந்து கண்ணைத் தொட்ட பிறகு வண்டியை விற்றுவிட்டார். அதிலிருந்து பஸ்ஸில் போனாலும் டிரைவருக்குப் பின் சீட்டில்தான் உட்காருவார். கால் தானாக பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும்.

வியாழக்கிழமை வெள்ளனே முதல் பஸ்ஸில் இறங்கியவர் சாயங்காலம் மூடுபனிக்குள் வந்து சேர்ந்தார். பெரிய பெட்டி பஸ்ஸின் பின்பக்க டிக்கியில் வந்தது. மற்றப் பாகமெல்லாம் வந்து மாட்டுகிற மதர்போர்டு இருந்த பெட்டி மட்டும் அவர் மடியிலேயே வந்தது. "பச்சப்புள்ள மாதிரி கொண்டாந்துருக்கேன்," என்று அதை என் கையில் கொடுத்தார். முகம் கொஞ்சம் வாடியிருந்தது. பயண அலுப்பு என்று நினைத்துச் சுடுதண்ணீர் போட்டுக் கொடுத்தேன்.

எல்லாம் புதுசு, மெமரியைத் தவிர. அதன் விலை அந்தச் சமயம் எக்கச்சக்கமாக ஏறிக் கிடந்ததால் கடைக்காரர் பழையதில் இரண்டு கொடுத்திருந்தார். நீட்டு பிஸ்கட் அளவில் இரண்டு பட்டைகள். யாரோ அவற்றின் மேல் ஸ்டிக்கரை ஒட்டி, பாதி கிழித்து, மீதியை அப்படியே விட்டிருந்தார்கள். கோந்து இரண்டு பக்கமும் கறுப்பாக, பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

அதைப் பார்த்ததும் எனக்குக் கை அரித்தது.

இருபத்துநாலு வருடக் கை

நான் ஒரு ஓட்டலில் இருபத்துநாலு வருடம் அறைகளைப் பார்த்துக்கொண்டவள். கடைசிப் பத்து வருடம் சூப்பர்வைசர். பிடிவாதக் கறை எதுவாக இருந்தாலும் எங்களிடம் இருந்த ஒரே மருந்து யூகலிப்டஸ் தைலம். கம்பளியில் ஒட்டிய சூயிங்கம், மேஜையில் உருகிய மெழுகுவத்தி, தலையணையில் உதட்டுச் சாயம், கண்ணாடியில் சின்னப் பிள்ளைகள் ஒட்டிய பொம்மை என்று எதுவானாலும் சரி. பஞ்சில் நாலு சொட்டு, இழுத்து ஒரு துடைப்பு. வேறு ஊர்களில் இதற்கெல்லாம் என்னென்னவோ புட்டியில் விற்கிறார்களாம். எங்களுக்கு மரமும் இங்கே, தைலமும் இங்கே. வேறு எதைத் தேடுவோம்?

புதிதாக வேலைக்கு வரும் பெண்களுக்கு இரண்டு நாள் அந்த வாசனையில் கண் எரியும். மூன்றாம் நாள் எரிச்சல் போய்விடும். ஒரு மாதத்தில் வாசனையே போய்விடும். தைலம் அங்கேதான் இருக்கும், மூக்குக்குத்தான் தெரியாது. எனக்கு அது தெரியாமல் போய் முப்பது வருடம் இருக்கும்.

கம்ப்யூட்டர் என்ற ஒன்றை நான் முதலில் பார்த்ததும் அந்த ஓட்டல் ரிசப்ஷனில்தான். குளிருக்கு அது கெட்டுவிடும் என்று யாரோ சொல்லிக்கொடுத்து, எங்கள் முதலாளி அதற்குக் காஷ்மீர் சால்வை ஒன்றைப் போர்த்தி வைத்திருந்தார். தினமும் காலையில் சால்வையை உதறி மடிப்பது என் வேலை. மெஷினைத் தொடக் கூடாது. சால்வையின் நுனி பட்டாலே முதலாளி, "ஏ, பாத்து, பாத்து!" என்று அலறுவார். அதைத் துடைக்க எனக்கு ஒருநாளும் அனுமதி கிடைக்கவில்லை. திரையில் படிந்த தூசியைப் பார்த்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டதுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை காலை அந்தக் குறையைத் தீர்த்துக்கொண்டேன்.

ஜெனி குளிக்கப் போயிருந்தாள். பட்டைகள் இரண்டும் மேஜையில் அழுக்கோடு கிடந்தன. தைலப் புட்டியை எடுத்தேன். கோந்து வெண்ணெயாக இளகி வந்தது. ஸ்டிக்கர் இருந்த இடத்தோடு நிறுத்தினேனா? இல்லை. அடிப்பக்கம் தங்க நிறத்தில் பல்வரிசை மாதிரி இருந்த இடத்தையும் அதே பஞ்சால், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை இழுத்துத் துடைத்தேன். இரண்டும் பளபளவென்று ஆகிவிட்டன. இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு மாவு கரைக்கப் போனேன். பெருமையாக இருந்தது.

சொல்லிக் காட்டும் அளவுக்கு அது ஒரு வேலையாக எனக்குத் தோன்றவில்லை. தினம் ஐம்பது இடம் துடைக்கிறவள் எதையென்று சொல்லுவாள்?

ஆளுக்கொரு வைத்தியம்

ஜெனி மத்தியானம் வரை பொறுமையாகப் பூட்டினாள். மூன்று மணிக்குப் பொத்தானை அமுக்கினாள். அப்போது எரிய ஆரம்பித்த மஞ்சள் விளக்கு அது.

மெமரிப் பட்டைகளைக் கழற்றிக் கழற்றி மாட்டினாள். ஒன்றை மட்டும் போட்டாள், மற்றதை மட்டும் போட்டாள், இந்தக் குழியில், அந்தக் குழியில். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அதைக் கழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருந்து மாட்டினாள். கோயம்புத்தூர் தோழி வீடியோ காலில் வந்து, "அந்த ஒயரைக் காட்டு, இந்தப் பக்கம் திருப்பு," என்று ஒரு மணி நேரம் பார்த்தாள். எல்லாம் சரியாகத்தான் பூட்டியிருக்கிறது என்றாள். போனில் படம் வரும், பேச்சு வரும், வாசனை வராதே.

எனக்கும் ஒரு யோசனை இருந்தது. எங்கள் ஊரில் எது ஓடாவிட்டாலும் ஈரம்தான் காரணம். இங்கே உப்பு தண்ணீராகும், தீப்பெட்டி நமுத்துப் போகும், பீரோவுக்குள் வைத்த கல்யாணப் போட்டோவில் பூஞ்சை பூக்கும். தலை காயவைக்கும் டிரையரை எடுத்து வந்து கால் மணி நேரம் சூடு காட்டினேன். இப்போது நினைத்தால், கோந்தை இன்னும் நன்றாகக் காய வைத்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறேன். அந்தப் புண்ணியமும் என்னுடையதுதான்.

சனிக்கிழமை காலை ஜெனி மதுரைக் கடைக்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது.

"மெமரியை நான் மாட்டிப் பாத்துத்தான்மா குடுத்தேன். நல்லா ஓடுச்சு. போர்டுதான் அடி வாங்கிருக்கணும். கம்பெனிக்கு அனுப்பி வர எப்படியும் பத்து நாள் ஆகும். வர்ற வழியில எங்கயும் கீழ போட்டுட்டீங்களா?"

"இல்லண்ணே. எங்கப்பா மடியிலதான் வச்சுக் கொண்டாந்தாரு," என்றாள் ஜெனி.

போன் வைக்கப்பட்டது.  அப்போது என் வீட்டுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

"பாப்பா, நான்தான் போட்டுட்டேன்."

"என்னப்பா?"

"பெருமாள்மலை தாண்டினதும் கண்ணு அசந்துருச்சு. வளைவுல வண்டி திரும்பவும் பெட்டி மடியில இருந்து கீழ விழுந்துருச்சு. பெருசா சத்தம் ஒண்ணும் கேக்கலை. ஒண்ணும் ஆயிருக்காதுன்னு நெனைச்சேன்."

முப்பது வருடம் அந்தப் பாதையில் ஒரு தடவைகூடக் கண்ணசராத மனிதர். சவாரி வருகிறவர்கள் பின்னால் தூங்கி வழிந்தால், "மலை ஏறும்போது தூங்கறவன் எதையோ தொலைப்பான்," என்று கேலி செய்கிறவர். வியாழக்கிழமை அவர் முகத்தில் இருந்த வாட்டம் பயண அலுப்பு இல்லை என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஜெனி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். "விடுங்கப்பா. வேணும்னேவா போட்டீங்க?" என்றாள். உள்ளே போய் பீரோவின் மேலிருந்த சூட்கேஸை இறக்கினாள். அதன் சக்கரம் தரையில் பட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஞாயிறு மத்தியான பஸ்ஸுக்கு டிக்கெட் இருக்கிறதா என்று போனில் பார்த்தாள்.

அவர் கொல்லைப்பக்கம் போய், பேரிக்காய் மரத்துக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டார். தூறிக்கொண்டிருந்தது. குடை எடுத்துக்கொண்டு போகவில்லை.

வத்தலக்குண்டு மூக்கு

அந்த நேரம் பார்த்து இன்டர்நெட் இணைப்புக்காரர் வந்து நின்றார். முத்துப்பாண்டி. நாற்பது வயதிருக்கும். வத்தலக்குண்டுக்காரர், மலைமேல் வேலைக்கு மாற்றலாகி வந்து இரண்டு வாரம்தான் ஆகிறது. கழுத்து முழுக்க மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு, காதை மட்டும் வெளியே விட்டிருந்தார்.

"லைன் எந்த ரூமுக்குங்கக்கா? வெரசா முடிச்சுட்டுக் கெளம்பணும், மழை கட்டிக்கிட்டு நிக்குது."

லைன் இனி வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஜெனியும் சொல்லவில்லை. மதர்போர்டைத் திருப்பி அனுப்புவதற்காக அவள் மேஜையில் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். முத்துப்பாண்டி சுவரோரமாக ஒயரை இழுத்துக்கொண்டு மேஜையைத் தாண்டினார். அவள் மெமரிப் பட்டை இரண்டையும் பிடுங்கி வைத்த நேரம் அது.

அவர் நின்றார். மூக்கை உறிஞ்சினார். இரண்டு தும்மல் போட்டார்.

"என்னங்கக்கா, கம்ப்யூட்டருக்குச் சளி புடிச்சிருக்கா? தைலம் தேச்சு விட்டிருக்கீங்க!"

"வீடு பூரா அந்த வாசம்தான் தம்பி. இங்க எல்லார் வீட்டுலயும் இருக்கும்," என்றேன்.

"அது வாசல்லயே அடிச்சுச்சுக்கா. இது வேற. இந்தப் பெட்டிக்குள்ள இருந்து கும்முனு வருது."

சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு அவர் ஒயரைப் பிடித்தபடி வெளியே கம்பத்துக்குப் போய்விட்டார். ஜெனியும் சிரித்தாள், மரியாதைக்கு. எனக்கு வெள்ளிக்கிழமை காலையில் எடுத்த தைலப் புட்டி ஞாபகம் வந்தது.

அடுப்படிக்குப் போய் டீக்குப் பாலை வைத்தேன். அந்தப் பால் பொங்குகிற நேரத்துக்குள் என் மனசு போட்ட கணக்கை இப்போது ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். நான் துடைத்தது யாருக்கும் தெரியாது. வாயைத் திறக்க வேண்டியதில்லை. "பாப்பா, எதுக்கும் அதை நல்லாத் தொடைச்சு மாட்டிப் பாரேன்," என்று யோசனை மாதிரிச் சொன்னால் போதும். அது ஓடிவிட்டால், கம்ப்யூட்டரைச் சரி பண்ணிய அம்மா என்று எனக்குப் பேர்கூடக் கிடைக்கும். நல்ல திட்டம்தான். ஒரு பிசகும் இல்லை.

ஜன்னல் வழியாகக் கொல்லை தெரிந்தது. அவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். தூறல் சட்டையின் தோளை நனைத்திருந்தது. மகள் வீட்டுக்கு வருவதைத் தானே கெடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சொல்லாமல் விட்டால், கம்ப்யூட்டர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்த நினைப்பு அவரோடுதான் இருக்கும். முப்பத்தொரு வருடம் கூட வாழ்ந்த மனிதர். எனக்கு வெட்கமாக இருந்தது.

அடுப்பை அணைத்தேன்.

"என்னங்க, உள்ள வாங்க," என்று கூப்பிட்டேன். அவர் வந்து வாசல்படியில் நின்றார். இரண்டு பேரும் கேட்கும்படி சொன்னேன்.

"நான்தான் தொடைச்சேன்."

"என்னத்தை?" என்றார் அவர்.

"அந்த மெமரியை. வெள்ளிக்கெழமை காலையில. கோந்து ஒட்டி அசிங்கமா இருந்துச்சு. தைலத்தை வச்சு, அடியில தங்கம் மாதிரி இருக்குல்ல, அதையும் சேத்துத் தொடைச்சேன்."

ஜெனி கையில் இருந்த பட்டையை மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். அந்தப் பல்வரிசையின் மேல் மெல்லிசாக ஒரு படலம். இளகிய கோந்தை நான் பட்டை முழுக்கப் பூசிவிட்டிருந்தேன்.

"அம்மா! ரெண்டு நாளா பைத்தியம் புடிச்சவ மாதிரி இதைக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கிட்டு இருக்கேன். ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"தொடைக்கிறதெல்லாம் யாருடி சொல்லிக்கிட்டு இருப்பா?"

அவள் என்னை முறைத்தாள். நிஜமான கோபம்தான், வாங்கிக்கொண்டேன். என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்: "அப்ப நான் போட்டதுல ஒண்ணும் ஆகலையா?"

"அது ஓடினாத்தான் தெரியும்," என்றேன். இருந்தாலும் இறுகியிருந்த அவர் தோள் கொஞ்சம் தளர்ந்தது.

ஊசிக்கு வாங்கிய பஞ்சு

ஸ்பிரிட் வேண்டும் என்றாள் ஜெனி. தண்ணீரோ சோப்போ கூடாது. சனிக்கிழமை மழையில் எந்தக் கடைக்குப் போவது என்று நான் விழிக்கும்போதே, அவர் பிரிட்ஜுக்குப் போய்த் தன் இன்சுலின் டப்பாவை எடுத்து வந்தார். ஊசி போடும் முன் தோலைத் துடைக்கிற, ஸ்பிரிட்டில் நனைத்த சின்னச் சின்னப் பஞ்சுத் துண்டுகள் அதில் ஒரு கட்டு இருந்தன.

"நான் தொடைக்கவா?" என்று கையை நீட்டினேன்.

"அம்மா, நீங்க எதையும் தொடாதீங்க. கைய மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க."

என் இருபத்துநாலு வருட சர்வீஸில் யாரும் என்னைப் பார்த்து அப்படிச் சொன்னதில்லை. உட்கார்ந்தேன். அவர் உறையைக் கிழித்துக் கிழித்துக் கொடுக்க, ஜெனி ஒவ்வொரு பல்லாகத் துடைத்தாள். பஞ்சு பழுப்பாக வந்தது. அது வெள்ளையாக வரும்வரை எட்டோ ஒன்பதோ ஆயிற்று. பிறகு பென்சில் ரப்பரால் லேசாகத் தேய்த்தாள். மாட்டும் குழிகளுக்குள்ளும், தடித்த அட்டையின் விளிம்பில் பஞ்சைச் சுற்றி விட்டு எடுத்தாள். காயட்டும் என்று அரை மணி நேரம் வைத்தாள்.

அந்த அரை மணியில், கோபம் ஆறியோ என்னவோ, அவளே பேசினாள்.

"எனக்கு வாசம் வந்துச்சும்மா. வெள்ளிக்கெழமை மாட்டும்போதே வந்துச்சு."

"பெறகு ஏன் சொல்லலை?"

"நம்ம வீட்டு வாசம்னு நெனைச்சேன்."

எதையும் தொடக் கூடாது என்பதை மறந்து, கிழித்துப் போட்ட பஞ்சு உறைகளைப் பொறுக்க ஆரம்பித்தேன்.  

முத்துப்பாண்டி கம்பத்து வேலையை முடித்துவிட்டு நனைந்துபோய் உள்ளே வந்தார். நாலு பேரும் மேஜையைச் சுற்றி நின்றோம். ஜெனி பட்டைகளை மாட்டினாள். இரண்டு பக்கமும் டக், டக் என்று பூட்டு விழுந்தது. பொத்தானை அமுக்கினாள்.

காற்றாடி சுற்றியது. விளக்குகள் எரிந்தன. மஞ்சளும் எரிந்தது.

"கொஞ்சம் பொறுங்க," என்றாள் ஜெனி. "மெமரியைக் கழட்டி மாட்டினா மொதத் தடவை நேரம் எடுக்கும்."  நான் மாதாவைக் கூப்பிட்டேன். என் வீட்டுக்காரரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டு நின்றது. ஒரு நிமிடம் இருக்கலாம். எனக்கு சர்ச்சில் ஒரு முழுப் பூசை முடிந்த மாதிரி இருந்தது.

மஞ்சள் விளக்கு அணைந்தது. திரையில் வெளிச்சம் பாய்ந்து, வெள்ளை எழுத்துகள் வரிவரியாக வந்தன.

"சளி போயிருச்சுக்கா!" என்றார் முத்துப்பாண்டி.

ஜெனி அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகுதான் என்னை. அந்த வரிசை நியாயமானதுதான். சூட்கேஸை அவரே தூக்கிக்கொண்டு போய் பீரோவின் மேல் வைத்தார். சக்கரம் இந்தத் தடவை தரையில் படவே இல்லை.

திங்கட்கிழமை

ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே ஜெனி அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டாள். கதவைப் பாதி சாத்தியிருந்தாள். நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்குவதாகப் பேர் பண்ணிக்கொண்டு காதைத் தீட்டி வைத்திருந்தேன். அவர் கொல்லைப்பக்க வாசலில் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். அரை மணியாக ஒரே பக்கம்தான் திறந்திருந்தது.

மூன்று வருடமாக தினம் சாயங்காலம் நான் போனில் முதலில் கேட்பது, "பாப்பா, எங்க இருக்க?" என்பதுதான். பஸ்ல இருக்கேன் என்பாள். மெஸ்ல இருக்கேன், ஹாஸ்டல் மாடியில இருக்கேன் என்பாள். எங்கே என்று தெரிந்துகொண்டால் அன்றைக்குத் தூக்கம் வரும், அவ்வளவுதான்.

உள்ளே கம்ப்யூட்டரில் ஒரு ஆண் குரல் கேட்டது. மேனேஜராக இருக்க வேண்டும்.

"குட் மார்னிங் ஜெனிபர். எங்க இருக்கீங்க இப்போ?"

"வீட்டுல இருக்கேன் சார்."

கத்தியைக் கீழே வைத்துவிட்டேன்.

கொல்லைப்பக்கத்திலிருந்து அவர், என்ன சொல்றா என்று தலையை ஆட்டிக் கேட்டார். கிட்டே போய், "வீட்டுல இருக்காளாம்," என்றேன்.

"கேக்கலை. என்ன?"

அவருக்குக் கண்தான் மங்கல். காது நல்ல காது. இன்னொரு தடவை சொன்னேன்.